காலை வாரும் கலை

1910 செப்டம்பர் 10, லண்டன். பஞ்சாபிலிருந்து கப்பலேறிப் போயிருந்த காமா பயில்வானும் போலந்துக்காரரான ஸ்தானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவும் கோதாவில் இறங்கினார்கள். முதல் நிமிடத்திலேயே காமா ஆளைக் கீழே கொண்டுவந்துவிட்டார். சண்டை அங்கேயே முடிந்துபோனது, போட்டிதான் முடியவில்லை. ஸ்பிஸ்கோ விரிப்பில் கவிழ்ந்து, கைகால்களை அகட்டி, கோந்து தடவி ஒட்டியது போலக் கிடந்தார். எழுந்து நின்றால் மறுபடியும் விழ வேண்டியிருக்கும் என்பது அந்த ஒரு நிமிடத்தில் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் காமா அவரைப் புரட்டிப் பார்த்தார். முதுகு தரையில் படவேயில்லை. சமன் என்று அறிவித்து ஆளை அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த மறுபோட்டிக்கு ஸ்பிஸ்கோ தலைகாட்டவில்லை. பட்டம் காமாவுக்குப் போனது.

இதே சண்டை இன்றைய ஃப்ரீஸ்டைல் விதியில் நடந்திருந்தால் எப்படிப் போயிருக்கும்? முதல் நிமிடத்தில் காமாவுக்கு 2 புள்ளி. கவிழ்ந்து கிடப்பவரைப் புரட்ட முடியவில்லை என்றால் நடுவர் கொஞ்ச நேரத்தில் விசில் ஊதி இருவரையும் எழுப்பி நிறுத்துவார். மறுபடி வீழ்த்தினால் இன்னொரு 2. பத்துப் புள்ளி முன்னிலை வந்ததும் ஆட்டம் முடிந்தது. ஐந்து தடவை காலை வாரினால் போதும், காமா மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

நின்றுகொண்டிருப்பவரைத் தரைக்குக் கொண்டுவந்து தன் கட்டுக்குள் வைப்பதற்கு 'டேக்டவுன்' என்று பெயர். தமிழில் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது, ஆனால் அதைக் கெட்ட வார்த்தையாக்கி வைத்திருக்கிறோம். ஆபீசில் காலை வாரிவிட்டான், தேர்தலில் கூட்டணிக்காரரே காலை வாரிவிட்டார் என்போம். கோதாவில் அதுதான் அரிச்சுவடி. அதைச் சொல்லித்தருவதற்கென்றே உலகெங்கும் மனிதர்கள் ஆயுளைச் செலவிட்டிருக்கிறார்கள்.

அவர்கள் என்ன சொல்லித்தருகிறார்கள்? நான் கோதாவில் இறங்கியவன் இல்லை. ஒரே ஆட்டத்தின் காணொளியை முப்பது தடவை ஓடவிட்டுப் பார்க்கும் ரகம். அப்படிப் பார்த்ததில் ஒன்று மட்டும் தெளிவாயிற்று. கண்ணுக்குத் தெரியும் பிடியைச் சொல்லித்தர ஒரு வாரம் போதும். அந்தப் பிடிக்கு முந்தைய அரை நொடியைச் சொல்லித்தரத்தான் பத்து வருடம் ஆகிறது.

பாதத்தைப் பார்

இரட்டைக்கால் பிடியை எடுத்துக்கொள்வோம். ஹரியானா அகாடாக்களில் இதை 'பட்' எடுப்பது என்பார்கள். தொடையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். எதிராளியின் இரண்டு தொடைகளையும் அணைத்து அவரைப் பின்னால் சாய்ப்பது. சொல்வதற்கு ஒரு வரிதான்.

புதிதாக வரும் பையன் என்ன செய்வான்? கையை நீட்டிக் காலைப் பிடிக்கக் குனிவான். இடுப்பு மேலேயே நிற்கும், முதுகு வளையும், தலை தொங்கும். எதிரில் இருப்பவன் இரண்டு கால்களையும் பின்னால் வீசி, இடுப்பின் மொத்த எடையையும் அவன் கழுத்தில் இறக்கினால் கதை முடிந்தது. பாயப்போனவன் பாயில் மூக்கு தேய்த்துக்கொண்டிருப்பான். எந்தப் பயிற்சிக்கூடத்துக்குப் போனாலும் கேட்கும் அதட்டல் இதுதான்: "தலைய நிமிர்த்துடா!"

சரியாகச் செய்பவன் கையை நீட்டுவதில்லை. முதலில் முழங்கால் மடங்கி உடம்பு மொத்தமும் ஒரு படி இறங்கும், நாற்காலியில் உட்காரப் போகிறவன் மாதிரி. இடுப்பு எதிராளியின் இடுப்பைவிடத் தாழ்ந்ததும் முன்கால் எட்டு வைக்கும். எங்கே? எதிராளியின் இரண்டு பாதங்களுக்கும் நடுவே, அவன் நிற்கும் இடத்தைத் தாண்டி. நாம் அந்த இடத்தில் நிற்கப் போகிறோம், அவன் காலி செய்ய வேண்டும், அவ்வளவுதான். முழங்கால் பாயைத் தொட்டு வழுக்கும்போதே பின்கால் வந்து சேர்ந்துவிட வேண்டும். தலை அவன் விலாவில் அழுந்தியிருக்கும், கண் மேலே பார்க்கும். கைகள் கடைசியாகத்தான் வேலைக்கு வருகின்றன, பூட்டுப் போடுவதற்கு. பிறகு நேராகத் தள்ளாமல் ஒரு பக்கமாகத் திரும்பி ஓட வேண்டும். நேராகத் தள்ளினால் அவன் பின்னால் ஓடித் தப்பிப்பான், பக்கவாட்டில் ஓட அவனுக்குக் கால் கிடைக்காது.

இத்தனையும் ஒரு நொடிக்குள். அதனால்தான் கோச் பையனின் கையைப் பார்ப்பதே இல்லை. கால் எங்கே விழுந்தது என்று பார்த்தால் பிடி விழுமா விழாதா என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

இது நம்மவர்களுக்கும் தெரிந்த சங்கதிதான். புறநானூற்றின் 80ஆம் பாட்டில் சாத்தந்தையார், சோழன் போரவைக்கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்திய மற்போரைப் பாடுகிறார். ஒரு கால் மல்லனின் மார்பில், இன்னொரு கால் அவன் தப்பாதபடி முதுகுப்புறத்தில் என்று, அந்தப் பழைய புலவர் மன்னனின் தோள்வலிமையை விட்டுவிட்டுக் கால்கள் இருக்குமிடத்தை முதலில் சொல்கிறார். நேர்முக வர்ணனையாளராக இன்றைக்கும் வேலை கொடுக்கலாம்.

இனி அந்த அரை நொடிக்கு வருவோம். எதிரில் இருப்பவன் தாழ்ந்து, கைகளை முன்னால் வைத்து, உஷாராக நிற்கிறான். இந்த நிலையில் எவ்வளவு சரியாகப் பாய்ந்தாலும் மாட்டிக்கொள்வாய். அவனை நகர்த்த வேண்டும். கழுத்தின் பின்புறம் கையை வைத்துக் கீழே இழு. குப்புற விழாமலிருக்க அவன் நிமிர்வான். அந்த நிமிர்வில் அவன் தொடைகள் திறக்கும். அப்போது போ. அல்லது அவனுடைய ஒரு கையை இரண்டு கைகளாலும் பற்றி ஒரு பக்கமாக நடத்து. எடை ஒரு காலுக்கு மாறும், எடை ஏறிய காலை அவனால் சட்டென்று எடுக்க முடியாது. அந்தக் காலைப் பிடி. கபடி ஆடியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ரெய்டர் வந்ததும் கணுக்காலில் விழுகிறவன் ஏமாறுவான், அவன் போனஸுக்குக் காலைத் தூக்கிய கணத்தில் மற்றக் காலில் விழுகிறவன்தான் பிடிப்பான்.

முதல் பாய்ச்சல் பெரும்பாலும் பலிக்காது என்பதையும் சொல்லித்தர வேண்டும். இங்கேதான் நல்ல கோச்சும் சாதாரண கோச்சும் பிரிகிறார்கள். ஒற்றைக்காலைப் பிடித்தாய், அவன் காலை உருவப் பார்க்கிறான், உடனே மற்றக் காலுக்குப் போ. அவன் எடையை உன் மேல் இறக்குகிறானா, அந்த எடையையே தோளில் வாங்கிப் புரட்டு. நம்மூர்க்காரர்கள் 'காலாஜங்' என்று சொல்லும் தோள்தூக்கு அப்படிப் பிறக்கலாம். ஒன்று தவறினால் இன்னொன்று என்று அடுத்தடுத்துக் கோத்து வைப்பதுதான் தாக்குதல் வியூகம். தனித்தனிப் பிடிகள் எத்தனை தெரிந்தாலும் அவை கோக்காத மணிகள்.

நம் பயிற்சிக்கூடங்களில் தண்டால், பஸ்கி, கயிறு ஏறுதல் எல்லாம் குறைவின்றி நடக்கின்றன. பிறகு 'ஜோர்', அதாவது முழு வேகச் சண்டைப் பயிற்சி. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஒன்றில்தான் பல இடங்களில் சுணக்கம் என்று எனக்குப் படுகிறது. ஒற்றைக்கால் ஏற்கெனவே கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து முப்பது நொடி. எதிராளி முதலில் கால்வாசி பலத்தோடு தடுக்க, பிறகு அரைவாசி, பிறகு முழுசாக. ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறாய், இருபது நொடிதான் இருக்கிறது, ஆரம்பி. அலுப்பூட்டும் வேலைதான், பார்க்கவும் ஒன்றும் இருக்காது. அந்த அலுப்புதான் மேடையில் அரை நொடியாக வெளிப்படுகிறது.

குதிகாலில் ஒரு மேதை

எல்லோரும் தொடைக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஒருவர் குதிகாலுக்குப் போனார். அமெரிக்காவின் ஒக்லஹோமாவைச் சேர்ந்த ஜான் ஸ்மித். பெரிய உடற்கட்டு கிடையாது. 62 கிலோ எடைப்பிரிவில் 1988 சியோல், 1992 பார்சிலோனா என இரண்டு ஒலிம்பிக் தங்கம், கூடவே நான்கு உலகப் பட்டம். தரையோடு தரையாகச் சரிந்து, ஒரு கையை எதிராளியின் குதிகாலுக்குப் பின்னால் கொடுத்து, தோளால் முழங்காலுக்குக் கீழே அழுத்துவார். பாதம் நகர முடியாது, மேலே உள்ள உடம்பு மட்டும் பின்னால் போகும். மரத்தின் அடியைப் பிடித்துக்கொண்டு நடுத்தண்டைத் தள்ளுகிற மாதிரி. அந்த உயரத்தில் வரும் ஆளை எப்படித் தடுப்பதென்று பலருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அவர்கள் பயிற்சி எடுத்ததெல்லாம் தொடையைக் காப்பதற்கு. பின்னாளில் அவர் ஒக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோச்சாக இருந்தார்.

ஜோர்டன் பரோஸ் நேர்மாறு. லண்டன் ஒலிம்பிக்கில் 74 கிலோ தங்கம் வாங்கிய அவருக்கு ஒளிவு மறைவு கிடையாது. இரட்டைக்கால் பிடிக்கு வரப்போகிறார் என்று அரங்கில் உள்ள பாப்கார்ன் விற்பவருக்குக்கூடத் தெரியும். ஆனாலும் அது வந்து சேரும் வேகத்துக்குப் பதில் கிடையாது. ஒரே வித்தையை ஒருவர் மறைத்தும் ஒருவர் பகிரங்கமாகவும் செய்து இரண்டு பேரும் ஜெயித்திருக்கிறார்கள். பையனின் உடம்புக்கும் சுபாவத்துக்கும் எது ஒத்துவரும் என்று கண்டுபிடிப்பதும் கோச்சின் தலையில்தான் விடிகிறது.

விதியும் வாத்தியாரும்

வாத்தியார் என்ன பாடம் நடத்துவார் என்பதைத் தேர்வுத்தாள் தீர்மானிப்பதுபோல, கோச் என்ன சொல்லித்தருவார் என்பதை விதிப்புத்தகம் தீர்மானிக்கிறது. லண்டன் ஒலிம்பிக் வரை ஒரு விசித்திரம் இருந்தது. இரண்டு நிமிடச் சுற்று. யாரும் புள்ளி எடுக்காவிட்டால் பையிலிருந்து வண்ணப் பந்து ஒன்றை எடுப்பார்கள். யார் நிறம் வருகிறதோ அவர் எதிராளியின் காலைப் பிடித்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடரலாம். காலைப் பிடிக்க உழைப்பவனுக்கும், குலுக்கலில் காலை வாங்கிக்கொள்பவனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போயிற்று. டேக்டவுனுக்கு ஒரே ஒரு புள்ளிதான் அப்போது. ஏன் பாய்வான்?

2013 பிப்ரவரியில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிர்வாகக் குழு, ஒலிம்பிக்கின் அடிப்படை விளையாட்டுகள் பட்டியலிலிருந்து மல்யுத்தத்தை நீக்கப் பரிந்துரைத்தது. கூரை எரியத் தொடங்கிய பிறகுதான் குடத்தைத் தேடினார்கள். சில மாதங்களில் விதிகள் மாறின. மூன்று நிமிடங்களாக இரண்டு சுற்று, புள்ளிகள் மொத்தமாகக் கூட்டப்படும், டேக்டவுனுக்கு 2 புள்ளி, பந்து விளையாட்டுக்கு முடிவு. செப்டம்பரில் மல்யுத்தம் ஒலிம்பிக்குக்குத் திரும்பிவிட்டது. ஒதுங்கியே நின்றால் நடுவர் எச்சரிப்பார். பிறகு முப்பது நொடி அவகாசம், அதற்குள் ஒன்றும் செய்யாவிட்டால் எதிராளிக்கு ஒரு புள்ளி. அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் 2023-24 பருவத்திலிருந்து டேக்டவுனுக்கு 3 புள்ளி. ஸ்பிஸ்கோக்களுக்கு வாழ்க்கை கடினமாகிக்கொண்டே வருகிறது.

இந்த மாற்றம் நமக்கு இரட்டிப்புக் கஷ்டம். இந்தியக் குஸ்தி பிறந்தது மண்ணில். மோரும் எண்ணெயும் மஞ்சளும் போட்டுப் பிசைந்த மண். அங்கே முதுகு மண்ணில் பட்டால்தான் தோல்வி. முழங்காலில் விழுந்தால் யாரும் கணக்கு வைப்பதில்லை. அரைமணி நேரம்கூடப் பொறுமையாகச் சுற்றி வந்து ஒரே ஒரு பிடிக்குக் காத்திருக்கலாம். மண் காலை இழுக்கும், பாய் வழுக்கும். அந்தப் பொறுமையைப் பாராட்டி வளர்ந்த உடம்பை, ஆறு நிமிடத்துக்குள் திரும்பத் திரும்பப் பாயச் சொல்வது சுலபமில்லை. 1952இல் ஹெல்சிங்கியில் மகாராஷ்டிரத்தின் கே. டி. ஜாதவ் வெண்கலம் வாங்கினார். அடுத்த ஒலிம்பிக் மல்யுத்தப் பதக்கத்துக்கு சுஷில் குமார் வரும்வரை 56 ஆண்டு ஆயிற்று. முழுப் பழியையும் மண்ணின் மேல் போட மாட்டேன், ஆனால் ஊரூராகப் பாய் வருவதற்குள் ஒரு தலைமுறைக்கு மேல் கடந்துவிட்டது.

பாய் வந்த பிறகும் ஒரு குறை தொடர்ந்தது. பஜ்ரங் புனியாவைப் பாருங்கள். இரண்டாவது சுற்றில் எதிராளி மூச்சு வாங்கும்போது இவர் அப்போதுதான் தொடங்கியவர்போலப் பாய்வார். ஆனால் அவருடைய கால்களைத் தேடி வருபவர்களிடம் புள்ளியை இழந்துகொண்டே இருப்பார். 2018இல் புடாபெஸ்டில் நடந்த உலக இறுதிப்போட்டியில் ஜப்பானின் தகுடோ ஒட்டோகுரோவிடம் 9-16 என்று தோற்றார். 9 புள்ளி எடுத்தவனைக் குறை சொல்வதா, 16 கொடுத்தவனைக் குறை சொல்வதா என்று அன்று குழம்பிப்போனேன். பாய்வதையும் காப்பதையும் ஒரே பாடமாக நடத்த வேண்டும் என்பது அந்த ஸ்கோர்போர்டில் எழுதியிருந்தது.

டெல்லி சத்ரசால் ஸ்டேடியத்தில் சத்பால் சிங்கின் நிழலில் வளர்ந்த ரவி தஹியாவிடம் வேறொன்றைப் பார்க்கலாம். டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் கஜகஸ்தானின் நூரிஸ்லாம் சனாயேவிடம் 2-9 என்று பின்தங்கியிருந்தார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு புள்ளி பின்தங்கியவன் கண்மூடித்தனமாகப் பாய்வான் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ரவி அவசரப்படவில்லை. கால்களைப் பிடித்தார், சாய்த்தார், சாய்த்தவரை விடவில்லை. பாயில் முதுகு அழுந்தியது. விடுவித்துக்கொள்ள சனாயேவ் கடித்த பல்தடம் ரவியின் கையில் இருந்தது. ஸ்கோர்போர்டு பார்க்காமல் ஆடுவது ஒரு திறமை. பார்த்தும் பதறாமல் ஆடுவது பயிற்சி.

ரியோவில் சாக்‌ஷி மாலிக். வெண்கலப் போட்டியில் கிர்கிஸ்தானின் ஐசுலு தினிபெகோவாவிடம் முதல் சுற்று முடிவில் 0-5. கடைசி நொடிகளில் இரட்டைக்கால் பிடி, முடிவு 8-5.

பாரிஸில் வினேஷ் போகாட் செய்தது இதற்கெல்லாம் எதிர்த்திசை. எதிரில் யுய் சுசாகி, வெளிநாட்டவர் எவரிடமும் அதுவரை தோற்றிராதவர். வினேஷ் கிட்டத்தட்ட ஆட்டம் முழுக்கப் பாயவே இல்லை. செயலின்மைக்காக ஒன்று, பிறகு இன்னொன்று என இரண்டு புள்ளிகளை வாரிக் கொடுத்தார். தொலைக்காட்சி முன் இருந்தவர்கள் பல்லைக் கடித்தார்கள். ஆனால் 0-2 என்பது ஒரு டேக்டவுன் தூரம்தான். 2-2 ஆனால், ஒரே வீச்சில் 2 எடுத்தவருக்குத்தான் முன்னிலை, ஒன்றொன்றாகச் சேர்த்தவருக்கு இல்லை. அந்த விதியின் மேல் நின்றுகொண்டு அவர் காத்திருந்தார். கடைசி நொடிகளில் உள்ளே புகுந்து சுசாகியை வீழ்த்தினார். ஜப்பான் முறையீடு செய்து தோற்றதில் இன்னொரு புள்ளி, 3-2. தாக்குதல் வியூகம் என்றால் ஆறு நிமிடமும் தாக்குவது என்று நினைப்பவர்கள் அந்த ஆட்டத்தை இன்னொரு முறை பார்க்கலாம். மறுநாள் எடை 100 கிராம் கூடிப்போனதில் நடந்ததை இங்கே பேச விருப்பமில்லை. அது வேறு கட்டுரை, வேறு வயிற்றெரிச்சல்.

அப்பாவின் பாடம்

ஜப்பானின் மியே மாகாணத்தில் எய்கட்சு யோஷிதா என்றொருவர் வீட்டிலேயே பயிற்சிக்கூடம் கட்டி வைத்திருந்தார். தானும் ஒரு காலத்தில் தேசிய சாம்பியன். மகள் சவோரிக்கு மூன்று வயதில் பாயில் பாடம் தொடங்கியது. அவர் விடாமல் போதித்தது ஒன்றே ஒன்று, டாக்கிள். காலை நோக்கிப் பாய்வதற்கு ஜப்பானியர்கள் வைத்திருக்கும் பெயர். காத்திருந்து எதிராளியின் தவறில் புள்ளி எடுக்கும் ஆட்டத்தில் அவருக்கு நாட்டமில்லை. நீ போ, நீதான் முதலில் போக வேண்டும் என்பதுதான் அந்த வீட்டின் பள்ளிக்கூடம்.

சவோரி யோஷிதா 13 முறை உலகப் பட்டமும் மூன்று ஒலிம்பிக் தங்கமும் வென்றார். ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு பாய்ச்சலை நம்பி. தொடர்ந்து 119 ஆட்டங்களில் தோற்கவில்லை.

2008 ஜனவரியில் சீனாவின் தையுவானில் உலகக் கோப்பை. அமெரிக்காவின் மார்சி வான் டியூசன், சவோரி பாயும் வரை காத்திருந்து அந்தப் பாய்ச்சலையே திருப்பினார். 119 அங்கே நின்றது. அதுவும் ஒலிம்பிக் ஆண்டில், ஏழு மாதம் மட்டும் மீதமிருக்கும்போது.

பாய்ச்சலைத் திருப்பக் கற்றுக்கொண்டுவிட்டார்கள், இனிப் பாயாதே என்று சொல்லிவிடுவது எந்த அப்பாவுக்கும் சுலபமான வழி. நம் ஊர்க் கோச்சுகள் பலரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஒரு தடவை அடிபட்டால் பையனைச் சுவரோரமாக நிற்க வைத்துவிடுவார்கள். அங்கே பாய்ச்சல் தொடர்ந்தது. மாறியது அதற்கு முந்தைய வேலைதான். போவதுபோலக் காட்டிப் போகாமல் இருப்பது, எதிராளி அசைந்த பிறகு போவது. அதே அரை நொடி. ஆகஸ்டில் பெய்ஜிங்கில் தங்கம். 2012 மே மாதம் டோக்கியோவில் 19 வயது ரஷ்யப் பெண்ணிடம் மறுபடி தோல்வி. மூன்று மாதம் கழித்து லண்டனில் மறுபடி தங்கம்.

2014 மார்ச்சில் எய்கட்சு இறந்துபோனார். ரியோ இறுதிப்போட்டியில் ஹெலன் மாருலிஸிடம் சவோரி 1-4 என்று தோற்றபோது அழைத்துச் செல்ல அப்பா அங்கே இல்லை.

லண்டனில் இருந்தார். ஜப்பான் அணியின் பயிற்சியாளர்களில் ஒருவராக ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தங்கம் உறுதியானதும் மகள் கொடியோடு அவரிடம் வந்தாள். அப்பாவின் கால்களுக்கு நடுவே தலையைக் கொடுத்துத் தாழ்ந்து, அவருடைய மொத்த எடையையும் தோளில் வாங்கிக்கொண்டு எழுந்தாள். முதுகு நேராக இருந்தது, தலை நிமிர்ந்திருந்தது.